மின்சார நூலுக்கு ஓர் உரைகல்

மின்சாரத்தைப் பற்றியும், அதனோடு பிறந்த காந்தத்தைப் பற்றியும் தமிழிலே நூல்கள் வேண்டும், வேண்டும் என்று மேடைதோறும் கேட்டோம். வந்தன. பள்ளிக்கென்று வந்தன, தொழிற்பயிற்சிக்கென்று வந்தன, தேர்வு எழுதுவோர்க்கென்று வந்தன, நூலக அலமாரியை நிரப்புவதற்கென்றே சில வந்தன. நூல் இல்லையே என்ற ஏக்கம் பெரும்பாலும் தீர்ந்தது. இனி எழவேண்டிய கேள்வி வேறு. வந்தவற்றிலே எது நெல், எது பதர்? அதைப் பிரித்துச் சொல்லுவோர் யார்? அவர் கையிலே இருக்கும் முறம் எப்படிப்பட்டது?

இந்தக் கேள்வியைச் சென்னையிலே உட்கார்ந்து கேட்டால் ஒரு விடை வரும். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் நின்று கேட்டால் வேறு விடை வரும். நாம் இரண்டாவது இடத்தில் நின்று கேட்கிறோம்.

ஏன் அந்த இடம்? வானம் பார்த்த பூமி அது. குண்டாறு என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடும். கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் கம்பும் சோளமும் மிளகாயும் பருத்தியும். கிணற்றிலே தண்ணீர் எங்கோ அடியிலே கிடக்கிறது. அதை மேலே கொண்டுவருவது மாடும் கமலையுமல்ல, மோட்டார். ஊருக்குள்ளே வந்தால் தறி. ஒரு காலத்தில் காலால் மிதித்து, கையால் நாடாவை வீசி நெய்த ஊரிலே, இன்று பல தெருக்களில் விசைத்தறியின் ஓசை கேட்கிறது. தெற்கே சிறிது தூரம் சென்றால் கமுதி. அங்கே 2016ஆம் ஆண்டிலே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. மழையைத் தராத வானம் வெயிலையாவது தருகிறதே என்று அதை விற்கக் கற்றுக்கொண்ட சீமை! இங்கே மின்சாரம் என்பது பாடப் பொருளல்ல, பிழைப்பு. அதைப் பற்றி எழுதப்பட்ட நூல் நன்றாக இருந்தால் சோறு. கெட்டிருந்தால், மிகையாகச் சொல்லவில்லை, சில வேளை சாவு.

ஆனால், நூல்கள் எப்படி மதிக்கப்படுகின்றன? அட்டை பளபளப்பாக இருக்கிறதா, ஆசிரியர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் எத்தனை, அணிந்துரை தந்தவர் யார், பக்கம் எத்தனை, விலை என்ன. உள்ளே புரட்டினால், படம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. கடைசியிலே வினாக்கள் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை. முடிந்தது மதிப்பீடு! கத்தரிக்காய் வாங்குகிறவள் கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து, அமுக்கிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறாள். அறிவு நூலுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

சரி, எங்கே அமுக்கிப் பார்ப்பது? முதலிலே, யூனிட் என்ற சொல்லிலே பாருங்கள். தமிழ்நாட்டிலே விசைத்தறியாளருக்கும் கைத்தறியாளருக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரம் கட்டணமின்றி என்ற திட்டம் 2006இலே வந்தது. 2023இலே அந்த அளவு, இரு மாதத்துக்குக் கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1000 யூனிட் என்று உயர்ந்தது. உழவர்க்கு அதற்கும் முன்னே, 1990இலேயே. ஆகவே யூனிட் என்ற சொல் இந்தச் சீமையிலே அரிசி, பருப்புப் போலப் புழங்குகிற சொல். நூலிலே அது எப்படி வருகிறது? 'மின்னாற்றலின் வணிக அலகு கிலோவாட் மணி எனப்படும்' என்று ஒரு வரி; அடுத்த பத்திக்குப் போய்விடுவார் ஆசிரியர். நல்ல நூல் என்ன செய்யும்? நான்கு தறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டார், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், முழுச்சுமை என்று வைத்துக்கொள்ளும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆக நாளுக்கு ஏறத்தாழ முப்பது யூனிட். அந்த 1000 யூனிட்டும் முப்பத்துமூன்று நாளிலே தீர்ந்துபோகும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். மோட்டார் தனக்கென்று சூட்டிலே தின்கிற பங்கையும் சேர்த்தால் அதற்கு முன்பே தீரும் என்று சொல்லும். அந்த ஒரு பக்கத்தைப் படித்த தறிக்காரர், மீட்டரை வேறு கண்ணோடு பார்ப்பார். ஒரே பொருள்தான், ஒன்று வரையறை, மற்றது விளக்கம். நூலைக் கையில் எடுத்ததும் இந்தப் பக்கத்தைத் தேடுங்கள் என்கிறோம்.

அடுத்தது சொல். தமிழிலே அறிவியல் எழுதுவதென்றால் சொல்லைப் பற்றிய சண்டைதான் முதலிலே வரும். பல வேளை அதோடேயே முடிந்தும் விடும். சேலத்திலே 1916இலே இராஜாஜியும் நண்பர்களும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் அமைத்த நாளிலிருந்து இந்த வேலை நடக்கிறது. பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 தொடங்கி 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. பெ. நா. அப்புசாமி போன்றவர்கள் ஆயுள் முழுவதும் அறிவியலைத் தமிழ்ப் படிப்பாளிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஈழத்துத் தமிழர் தனி வழியிலே சென்று, வோல்ட்டை உவோற்று என்றும், வாட்டை உவாற்று என்றும் எழுதினர். மின்னாக்கி என்றும் மின்னியற்றி என்றும் நாம் சொல்வதை அவர்கள் மின்பிறப்பாக்கி என்றார்கள். எது சரி என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும், எடுத்ததை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மாறாமல் ஆளுகிறாரா என்பதே கேள்வி. ஏழாம் பக்கத்திலே மின்னழுத்தம், பதினெட்டிலே மின்னிலை, முப்பதிலே வோல்ட்டேஜ் என்று ஒன்றையே மூன்று பேராலே அழைத்தால், படிக்கிற பிள்ளை மூன்று பொருள் என்றுதான் எண்ணும். அது அந்தப் பிள்ளையின் குற்றமா?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 'நாளை மின்தடை' என்று செய்தித்தாளிலே அறிவிப்பு வருகிறது; கரண்ட் இராது என்று பொருள். அதே மின்தடை நூலிலே வரும்போது, கம்பி மின்னோட்டத்துக்குத் தருகிற எதிர்ப்பு என்று பொருள். ஓம் என்ற அலகால் அளக்கப்படுவது. ஒரே சொல், இரண்டு பிழைப்பு! திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலே எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு முதலாவது பொருள்தான் பழக்கம், மாதந்தோறும் பார்க்கிறது. 'மின்தடை அதிகமானால் மின்னோட்டம் குறையும்' என்று நூல் சொன்னால், 'ஆமாம், கரண்ட் போனால் குறையத்தானே செய்யும்' என்று தலையாட்டிவிட்டுப் போகும். புரிந்துவிட்டது என்று ஆசிரியரும் மகிழ்வார்! 'நாளிதழ் சொல்லும் மின்தடை வேறு, இந்தப் பாடத்தின் மின்தடை வேறு' என்று ஒரே ஒரு வரி எழுதிய நூலாசிரியர் எவரோ, அவர் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எழுதினார் என்று நாம் சொல்லுவோம். எழுதாதவர் ஆங்கில நூலைப் பார்த்து எழுதினார்.

கரண்ட் என்ற சொல்லும் அப்படித்தான். கரண்ட் போச்சு, கரண்ட் அடிச்சிருச்சு, கரண்ட் நிறைய இழுக்குது, கரண்ட் பில் கட்டணும் என்று நம் மக்கள் பேசுகிற நான்கிலும் கரண்ட் ஒன்றல்ல. ஓரிடத்தில் அது மின்வழங்கல், ஓரிடத்தில் உடலிலே பாய்கிற ஓட்டம், ஓரிடத்தில் ஆம்பியர், கடைசியிலே ஆற்றல். இந்த நான்கையும் பிரித்துக் காட்டுவதே மின்சார நூலின் பாதி வேலை. மக்கள் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு எழுதினால் அந்தப் பாதி வேலை நடக்காது. அதனாலேதான் 'மின்சாரம் பல்பிலே செலவாகிவிடுகிறது' என்ற தவறு அச்சேறிக்கொண்டே இருக்கிறது. பல்புக்குள்ளே எத்தனை ஆம்பியர் நுழைகிறதோ அத்தனை ஆம்பியர் மறுபுறம் வெளியேறுகிறது. செலவாவது ஆற்றல், ஓட்டமல்ல. ஆட்டுரலைச் சுற்றுகிற கயிறு குறைவதில்லை, சுற்றுகிற மாடு களைக்கிறது. இதைத் தவறாகச் சொல்லுகிற நூலுக்கு அதற்குமேல் மதிப்பெண் தேவையில்லை, மூடி வைத்துவிடலாம்.

இன்னொன்று: 'எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கம்பிக்குள் பாய்கின்றன.' எத்தனை நூல்களிலே! ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியிலே ஓர் ஆம்பியர் ஓடும்போது எலெக்ட்ரான் நகர்கிற வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேண்டும். நத்தை வென்றுவிடும்! வீட்டுக்கு வருகிற மாறுதிசை மின்னோட்டத்திலோ அது நகர்வதே இல்லை. நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஆடுகிறது, அவ்வளவுதான். விரைவாகச் செல்வது கம்பியைச் சூழ்ந்த மின்காந்தப் புலத்தின் செய்தி. பிராங்ளின் 1752இலே விட்ட பட்டத்தின்மீது இடி விழுந்தது என்பது மற்றொரு புளுகு. விழுந்திருந்தால் அவர் கதை அன்றே முடிந்திருக்கும். மேகத்தின் மின்னேற்றம் கயிற்றின் வழியே சிறிது இறங்கிற்று. அதைத்தான் அவர் கண்டார். மறு ஆண்டிலே, பீட்டர்ஸ்பர்க் நகரிலே ரிக்மான் என்ற ஆராய்ச்சியாளர் இதேபோன்ற ஆராய்ச்சியிலே மின்னல் தாக்கி மாண்டார். ஐப்பசி மழையிலே ஆடு மேய்க்கப் போனவர் பனைமரத்தடியிலே ஒதுங்கி மின்னலுக்குப் பலியான செய்தியைப் படிக்கிற நாட்டிலே, பிராங்ளினின் வீரக்கதையை மட்டும் சொல்லி, ரிக்மானைச் சொல்லாமல் விடுகிற நூல் எதற்கு?

இப்போது எர்த் என்கிற விஷயத்துக்கு வருவோம். நம் சீமைக்கென்றே உள்ள உரைகல் இதுதான்.

குளிர்நாட்டிலே எழுதப்பட்ட நூலைப் பார்த்து எழுதுகிறவர், 'உலோகத் தண்டொன்றை ஈரமண்ணிலே புதைத்து, கருவியின் உடலை அதனோடு இணைக்கவேண்டும்' என்று எழுதுவார். ஈரமண்! சித்திரை மாதத்திலே திருச்சுழிக்கு வந்து பாருங்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் முழங்கை வரை போகும். அந்த மண்ணிலே புதைத்த தண்டு யாருக்கு எர்த்? காய்ந்த மண் மின்சாரத்தை எளிதிலே வாங்கிக்கொள்ளாது. கணக்குப் பாருங்கள். பம்புசெட்டின் உடலிலே 230 வோல்ட் கசிந்துவிட்டது. எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால், மற்றத் தடைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 46 ஆம்பியர் பாயும், 15 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போய்விடும், உயிர் தப்பும். மண் காய்ந்து அதே தடை 100 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 2.3 ஆம்பியர்தான். ஃபியூஸ் அசையாது. மோட்டாரின் உடலிலே மின்சாரம் அப்படியே நிற்கும், தண்ணீர் பாய்ச்ச வெறுங்காலோடு வருகிறவரின் கைக்காக. எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடவே நிற்கும்!

ஆகவே இந்த நாட்டு நூல், குழியை எப்படித் தோண்டுவது, கரியும் உப்பும் அடுக்கடுக்காக எப்படிப் போடுவது, கோடையிலே அந்தக் குழாய் வாயிலே எதற்காகத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கரிக்கும் உப்புக்கும் நமக்கா பஞ்சம்? சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற சீமை இது. உப்புக்குத் தூத்துக்குடி கூப்பிடு தூரம். உப்பு நாளடைவிலே குழாயை அரிக்கும், இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை பார்க்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். மேலும் ஒரு படி போய், முப்பது மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற கசிவுக் காப்புக் கருவி, அந்த 100 ஓம் குழியிலும் வேலை செய்யும் என்று காட்டவேண்டும். 2.3 ஆம்பியர் எங்கே, முப்பது மில்லியாம்பியர் எங்கே! காய்ந்த நாட்டுக்கு அந்தக் கருவி ஆடம்பரமல்ல என்பது இந்தக் கணக்கிலிருந்து தானாகவே வெளிவருகிறது. ஓம் விதியை 'மி = மி.த × ஓ' என்று பெட்டிக்குள் போட்டு அச்சிடுகிற நூல் இதைச் செய்யாது. செய்யாத நூலைப் பட்டதாரி எழுதினால் என்ன, பட்டமே இல்லாதவர் எழுதினால் என்ன?

மோட்டார் விஷயமும் இதைப் போன்றதுதான். மூன்று பேஸிலே ஒன்று போய்விட்டால் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நிற்பதில்லை, உறுமிக்கொண்டு ஓடும். மீதி இரண்டு கம்பியிலும் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும், காயில் கருகும். லைன் கோடியிலே இருக்கிற கிணற்றுக்கு 415 வோல்ட் வரவேண்டிய இடத்திலே 330 வந்தால், மோட்டாரின் முறுக்குவிசை அந்த விகிதத்திலே குறைவதில்லை, அதன் இருமடியிலே குறைகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இதெல்லாம் காயில் கட்டுகிற கடைக்காரருக்கு அனுபவத்திலே தெரியும்; ஏன் என்றுதான் தெரியாது. இயற்பியல் படித்த பிள்ளைக்கு ஏன் என்று தெரியும். ஃபியூஸ் கட்டையைத் தொடத்தான் நடுக்கம். ஒருவர்க்கென்று 'செய்முறை' நூல், மற்றவர்க்கென்று 'கொள்கை' நூல் என்று இரண்டு சாதியாக நூல்களைப் பிரித்து வைத்ததன் பலன் இது. சாதி பிரிப்பதிலே நமக்குத்தான் எவ்வளவு பழக்கம்!

காட்டுப்பன்றிக்கு வேலி கட்டுகிறார்கள். சோளத்தையும் நிலக்கடலையையும் ஒரே இரவிலே உழுது போட்டுவிடுகிறது பன்றி. உழவர் படும் வேதனை உண்மையான வேதனை. ஆனால் வீட்டு லைனிலிருந்து நேரே கம்பியை இழுத்து வேலிக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அது கொலைக்கருவி. 230 வோல்ட் விடாமல் பாய்ந்தால் கைத்தசை இறுகிக் கம்பியைப் பற்றிக்கொள்ளும், விடமுடியாது. முறையான சூரிய வேலியிலே ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தும் ஆள் சாவதில்லை. ஏனென்றால் நொடிக்கொரு முறை, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரமே அது தட்டிவிட்டு ஓய்கிறது. 'அதிக வோல்ட் கொல்லும், குறைந்த வோல்ட் கொல்லாது' என்று ஒரே வரியிலே எழுதிப் போகிற நூல், இந்த உழவருக்கு என்ன சொல்லித் தந்தது? தவறானதைச் சொல்லித் தந்தது. எவ்வளவு ஓட்டம், எவ்வளவு நேரம், உடலிலே எந்த வழியாக என்ற மூன்றையும் சொல்லுகிற நூலே நூல்.

'இப்படியெல்லாம் பார்த்தால் உலகத்துப் பெரிய நூல்கள்கூடத் தேறாதே' என்பர் சிலர். பெரிய நூல்களின் கதையையும் பார்த்துவிடுவோமே.

இலண்டனிலே ஏழைக் கொல்லர் ஒருவரின் மகன், பதினான்காம் வயதிலே, 1805இலே, ரீபோ என்பவரின் நூல்கட்டும் கடையிலே வேலை கற்கச் சேர்ந்தான். பகலெல்லாம் பிறர் நூலுக்குத் தையலும் அட்டையும் போடுவது, இடையிலே படிப்பது. பிரிட்டானியா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி அவன் கைக்கு வந்தது. அதிலே மின்சாரம் பற்றிய கட்டுரை. ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவிலே எழுதிய வேதியியல் நூலும் வந்தது. படித்தான், படித்ததை நம்பி விட்டுவிடவில்லை. கைக்காசுக்கு ஏற்ற சில்லறைப் பொருள்களை வாங்கி, கண்ணாடிக் குப்பியிலே ஒரு மின்பொறியே செய்து, நூல் சொன்னது சரிதானா என்று தானே பார்த்தான். அந்தப் பையன்தான் மைக்கேல் பாரடே. எர்ஸ்டெட் 1820இலே, மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டார். அதன் மறுபக்கத்தை, காந்தம் மின்னோட்டத்தை எழுப்பும் என்பதை, 1831 ஆகஸ்ட் 29ஆம் நாள் பாரடே கண்டார். இரும்பு வளையத்தில் இரு சுருள். ஒன்றிலே மின்கலத்தை இணைக்கும் நொடியிலும் பிரிக்கும் நொடியிலும் மட்டுமே மற்றதிலே ஊசி துள்ளிற்று. இடையிலே, ஓட்டம் சீராக இருக்கும்போது, ஒன்றுமில்லை. ஊர் முனையிலே நிற்கிற டிரான்ஸ்பார்மர் ஏன் பேட்டரியால் வேலை செய்யாது என்பதற்கு விடை அந்தத் துள்ளலிலே இருக்கிறது. 'மாறுகின்ற காந்தப்பாயம்' என்று மட்டும் எழுதாமல் அந்த 'இடையிலே ஒன்றுமில்லை' என்பதையும் எழுதுகிற நூலைத் தேடுங்கள்.

பாரடேக்குக் கணக்குத் தெரியாது. மாக்ஸ்வெல்லுக்குக் கணக்கு கைவந்த கலை. ஆயினும் அவர், பாரடேயின் ஆராய்ச்சி நூலை முழுவதும் படித்து முடிக்கும் வரை இப்பொருளிலே கணக்கு நூல்களைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தவர். 1873இலே வந்த தம் பெருநூலின் முன்னுரையிலே அவரே சொல்லுகிறார். அந்தப் பெருநூலும் எளியதல்ல. பதினாறு வயதிலே பள்ளியை விட்டு, தந்தி அலுவலராக இருந்த ஹெவிசைடு என்பவர்தான் அதிலே புகுந்து பல ஆண்டு போராடி, 1880களிலே, இன்று நான்கு சமன்பாடு என்று கல்லூரியிலே கற்பிக்கப்படுகிற வடிவத்துக்குச் சுருக்கினார். நூல்கட்டுகிறவர் ஒருவர், தந்தியாள் ஒருவர்! மின்காந்தவியலின் வரலாற்றிலே இவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பாவு போடுகிற வீட்டுப் பிள்ளையும் காயில் கட்டுகிற கடைப் பையனும் இந்தக் கதையிலே அயலார் அல்லர்.

பிற்காலத்து நூல்களையும் சொல்லவேண்டும். பெயின்மன் விரிவுரையின் இரண்டாம் தொகுதி 1964இலே வந்தது. பர்செல்லின் நூல் 1965இலே. அவை இன்றும் படிக்கப்படுகின்றன. அழகுக்காக அல்ல, படிப்பவரின் ஐயம் எங்கே எழும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கே நின்று பேசுவதால். நம் நாட்டிலே பாலிடெக்னிக் பிள்ளைகள் கையிலெல்லாம் இருக்கிற தெராஜாவின் நூல் 1959இலே பிறந்தது. தலையணை போல் பெரியது. தீர்த்துக் காட்டிய கணக்குகள் ஏராளம். தேர்வுக்கு அதைவிடத் துணை இல்லை. ஆனால் கணக்கின் வழியை மனப்பாடம் செய்துவிட்டு, மோட்டார் முன்னே விழிக்கிறவர்களையும் அது உண்டாக்குகிறது என்பது நம் கருத்து. தமிழிலே, தொழிற்பயிற்சி மாணவர்க்கான நூல்களைச் சென்னைக் கிண்டியில் உள்ள தேசியப் பயிற்று ஊடக நிறுவனம் வெளியிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் புதிய இயற்பியல் நூல் 2019இலே வந்தது. அதன் முதல் தொகுதியின் ஐந்து அலகும் நிலைமின்னியல் தொடங்கி மின்காந்த அலை வரை இதே பொருள்தான். எவரும் கட்டணமின்றி இறக்கிப் படிக்கலாம். நல்ல காரியம். நூலக அலமாரியிலே இருக்கும் எந்தத் தனியார் நூலையும் இந்தப் பாடநூலோடு பக்கத்திலே வைத்துப் பாருங்கள். இதைவிட ஒரு சொல்லாவது தெளிவாகச் சொல்லாத நூலுக்கு மக்கள் பணம் எதற்கு?

'ஆங்கிலம் தெரிந்தவன் ஆங்கிலத்திலே படித்துக்கொள்வான். தெரியாதவன் ஒயர்மேன் வேலைக்குத்தானே போகிறான், அவனுக்குப் பாரடே எதற்கு?' என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே கேட்பதில்லை, உள்ளே நினைக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலே 2010இலே தமிழ்வழிப் பொறியியல் தொடங்கிய போது அது கட்டடவியலுக்கும் இயந்திரவியலுக்கும்தான், மின்னியலுக்கு அல்ல. நாட்டின் மொழிகளிலே பொறியியல் நூல்களைக் கொண்டுவரும் முயற்சி அண்மை ஆண்டுகளிலேதான் நடந்துவருகிறது. ஒயர்மேனுக்குப் பாரடே எதற்கு என்று கேட்போர்க்கு நம் விடை சுருக்கமானது: கம்பத்திலே ஏறுகிறவர் அவர்தான், நீங்கள் அல்ல.

இனி, செய்யவேண்டியது. 1948இலே நாட்டுக்கே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். அருப்புக்கோட்டை நெசவாளியும் கட்டுகிறார். மதுரையிலே 2023இலே கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. நம் சீமையிலிருந்து பேருந்து ஏறினால் காலையிலே போய் மாலையிலே திரும்பலாம். நூல் வாங்குவதிலே வெளிப்படை வேண்டும் என்று 2024இலே புதிய கொள்கையும் வந்திருக்கிறது. வரவேற்கிறோம். அதோடு ஒன்று சேர்க்கவேண்டும் என்கிறோம். மின்சாரத்தைப் பற்றிய நூல் ஒன்றைத் தேர்வுக்குழு எடுத்துக்கொண்டால், பேராசிரியர் ஒருவர் படிப்பது போலவே, காயில் கட்டுகிற தொழிலாளி ஒருவரும், அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவரும், பம்புசெட் வைத்திருக்கிற உழவர் ஒருவரும் அதைப் படிக்கவேண்டும். 'எந்தப் பக்கத்திலே நின்றுவிட்டீர்கள்?' என்று அவர்களிடம் கேட்கவேண்டும். நின்ற பக்கத்தைக் குறித்து ஆசிரியருக்கு அனுப்பவேண்டும். திருத்தி வந்தால் வாங்கலாம். ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்று இரண்டு வரியாவது வெளியிடவேண்டும். தவறு மலிந்த பழம்பதிப்புகளை, எர்த் பற்றியும் ஃபியூஸ் பற்றியும் காலங்கடந்த முறையைச் சொல்லுபவற்றை, அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைக்கவேண்டும். கவிதை நூல் பழசானால் அழகு கூடும், மின்கம்பி இணைக்கும் நூல் பழசானால் அப்படியல்ல.

'காயில் கட்டுகிறவர் புத்தகம் பார்த்து மதிப்பிடுவதா!' என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். சுளிக்கட்டும். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து படிக்கிற நாள்களுக்கு, பேராசிரியருக்கு என்ன ஊதியம் தரப்படுகிறதோ அதே ஊதியத்தை அவருக்கும் தரவேண்டும் என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறோம்.